நான்கு இடங்களுக்கு ஒரே நம்பர்

ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நடக்கும் வியாபாரத்துக்கு வெப்சைட் எப்படித் திட்டமிடுவது என்று புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக எழுதித் தரச் சொல்லி ஆபீசில் கேட்டார்கள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பக்கம், மேப்பில் சரியான இடம், திறக்கும் நேரம், அடைக்கும் நேரம் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த முறைகளும் மாறியிருக்கும். ஆகவே அதை விட்டுவிட்டு, என் கண் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சந்தோஷமான விஷயம் இல்லை.

நான் முதலில் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் டிசைன் வேலை பார்த்தவள். பிரஸ்காரர்களே வெப்சைட் கேட்க ஆரம்பித்த காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். எந்த முதலாளியிடமும் நான் முதலில் கேட்பது, "உங்களுக்கு எத்தனை இடம் இருக்கு?" என்பதுதான். சாதாரணக் கேள்வி போலத் தெரியும். ஒருமுறை விருதுநகரில் புரோட்டாக் கடை நடத்தும் அண்ணன் தம்பியிடம் இதைக் கேட்டேன். அண்ணன் மூன்று என்றார். தம்பி இரண்டு என்றார். மூன்றாவது கடை யாருடையது என்பதில் அவர்களுக்குள் அடங்கிக் கிடந்த சண்டை என் எதிரிலேயே மறுபடி ஆரம்பித்தது. அந்த வெப்சைட் வரவே இல்லை. அதன் பிறகு அந்தக் கேள்வியை யோசித்துத்தான் கேட்பேன். ஆனால் அதற்கு வரும் பதில் ஒரு உயிர் சம்பந்தப்பட்டதாகவும் இருக்க முடியும் என்பது அந்தப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும்வரை எனக்குத் தோன்றியதில்லை.

கம்பெனியின் பெயர் வேண்டாம். முதலாளியை ஊரில் எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அவருக்கு நான்கு இடங்கள். சிவகாசி டவுனில் ஒரே கட்டடத்தில் கீழே கடை, மாடியில் ஆபீஸ். விருதுநகரில் இன்னொரு கடை. பட்டாசு செய்யும் யூனிட் இரண்டு. ஒன்று விஸ்வநத்தத்தில் இருந்தது. மற்றது சாத்தூர் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கரிசல் நிலத்துக்கு நடுவில் இருந்தது. அதைக் காட்டு யூனிட் என்பார்கள்.

அண்ணாச்சியின் மகள் செல்வராணி சென்னையில் படித்து, அங்கேயே சில வருஷம் வேலையும் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு முடியாமல் போனதால் திரும்பி வந்தவள். பழைய வெப்சைட்டை மாற்ற வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டது அவள்தான். நான் போனது தீபாவளிக்கு முந்திய சீசனில், ஒரு காலை வேளை. மாடியில் உட்கார்ந்து, பழைய வெப்சைட்டைத் திறக்கும் பாஸ்வேர்டை வாங்கிப் பார்த்தேன். யாரோ வெளியூர்க்காரர்கள் செய்துகொடுத்தது. இரண்டு கடைகளின் படங்களும் இருந்தன. தொழிற்சாலை என்ற இடத்தில் விஸ்வநத்தம் விலாசம் மட்டும் இருந்தது. நான்கு இடங்களுக்கும் ஒரே போன் நம்பர்.

"காட்டு யூனிட்ட ஏன் விட்டுட்டீக அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அங்கன யாவாரமா நடக்கு? வாங்க வாரவுகளுக்குக் கடை தெரிஞ்சாப் போதும்."

"அங்க வேலை பாக்குறவுக வீட்டுல இருந்து ஒரு அவசரத்துக்குக் கூப்பிடணும்னா?"

"அவுக என்னத்துக்கு வெப்சைட்டப் பாக்கப் போறாக?"

செல்வராணி குறுக்கே வந்தாள். "அப்பா, செல்போன வாசல்ல குடுத்துட்டுத்தான உள்ள போறாக. அப்ப வீட்டு ஆளுக யாரக் கூப்பிடுவாக? இந்த நம்பரத்தான கூப்பிடணும்."

"கூப்பிடட்டும். எடுக்கத்தான் மாரிச்செல்வி இருக்கால்லா."

மாரிச்செல்வி வெளி அறையில் போன் எடுக்கும் பெண். கல்லூரி முடித்து அதிக நாள் ஆகவில்லை. விலை கேட்பவர்கள், லோடு எப்போது வரும் என்று கேட்பவர்கள், விருதுநகர்க் கடைக்கு வழி கேட்பவர்கள் எல்லோருக்கும் அவள் ஒருத்திதான் பதில். அவள் எடுப்பதற்கு முன்னால் பதிவு செய்த குரல் ஒன்று தீபாவளித் தள்ளுபடியைப் பற்றி இசையோடு பேசி முடிக்கும். எந்த ஆர்டரும் தன் காதுக்கு வராமல் போய்விடக் கூடாது என்பதால் ஒரே நம்பர்தான் இருக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் பிடிவாதம். இதில் அப்பாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தபோதுதான் சத்தம் கேட்டது.

தூரத்துச் சத்தம்தான். ஆனால் அந்த ஊரில் அந்தச் சத்தத்தை வேறு எதனோடும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அண்ணாச்சி பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினார். நாங்களும் பின்னால் போனோம். பக்கத்துக் கட்டடங்களின் மாடிகளிலும் ஆட்கள் ஏறி நின்று ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகை சாத்தூர் பக்கம் எழும்பியிருந்தது. அண்ணாச்சி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கீழே இறங்கியதும் விஸ்வநத்தத்திலிருந்து போர்மேன் கூப்பிட்டார். அங்கே ஒன்றுமில்லை, வேலையை நிறுத்தி எல்லோரையும் வெளியே உட்கார வைத்திருக்கிறோம் என்றார். காட்டு யூனிட்டில் யாரும் போன் எடுக்கவில்லை. மேனேஜர் பைக்கில் அங்கே கிளம்பினார். அவர் போய்ச் சேர்ந்து கூப்பிட்டபோது அவர் குரல் எங்களுக்குப் புரியவே இல்லை. ஓர் அறை முழுசாகப் போய்விட்டது, பக்கத்து அறையும் இடிந்திருக்கிறது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது.

அதற்குள் டிவியில் போட்டுவிட்டார்கள். கம்பெனிப் பெயரும், விஸ்வநத்தத்தில் வெடி விபத்து என்ற எழுத்தும் திரையின் அடியில் ஓடின. செல்வராணி என் பக்கம் திரும்பினாள்.

"விஸ்வநத்தம்னு யாரு சொன்னதுக்கா?"

என் லேப்டாப்பில் பழைய வெப்சைட் இன்னும் திறந்திருந்தது. நான் அதைக் காட்டினேன். யாரோ கம்பெனிப் பெயரைக் கேள்விப்பட்டு, தேடி, அதில் இருந்த ஒரே தொழிற்சாலை விலாசத்தை எடுத்துப் போட்டிருக்க வேண்டும். இதைவிட வேறு காரணம் எங்களுக்குத் தோன்றவில்லை.

வெளி அறையில் போன் அடிக்கத் தொடங்கியது. வைத்த உடனே அடுத்தது. கூப்பிட்டவர்கள் அநேகமாக விஸ்வநத்தம் யூனிட்டில் வேலை செய்கிறவர்களின் வீட்டார். காட்டு யூனிட் ஆட்களின் வீட்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. டிவி வேறு ஊரைச் சொன்னதால் அவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். அழவேண்டியவர்கள் சும்மா இருந்தார்கள், சும்மா இருக்கவேண்டியவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அப்படி அழுதவர்களும் முதலில் கேட்டது தள்ளுபடி விளம்பரத்தைத்தான். செல்வராணி அந்தக் குரலை நிறுத்தச் சொல்லி அதற்குரிய ஆளிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி என் எதிரில் வந்து நின்றார். "ம்மா, அத மூடிருங்க. வெப்சைட்ட மொத்தமா மூடிருங்க."

"மூடுனா டிவில தப்பாப் போட்டது அப்படியே நிக்கும் அண்ணாச்சி. முன் பக்கத்த மாத்தி, எந்த யூனிட்டுன்னு எழுதுவோம்."

"சரி. விஸ்வநத்தம் யூனிட் ஆளுக எல்லாரும் பத்திரமா இருக்காகன்னு எழுதுங்க. அந்தப் போனாச்சும் குறையும்."

நான் டைப் செய்ய ஆரம்பித்தேன். 'விஸ்வநத்தம் யூனிட்' வரை அடித்ததும் கை நின்றது. எனக்குத் தெரிந்தது விஸ்வநத்தத்தில் வெடிக்கவில்லை என்பது மட்டும்தான். அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் இப்போது அங்கேதான் இருக்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது. காலையில் இரண்டு யூனிட்டையும் பற்றி விசாரித்தபோது, ஆர்டர் அதிகமானால் ஆட்களை மாற்றிக்கொள்வோம் என்று செல்வராணி போகிற போக்கில் சொல்லியிருந்தாள்.

"இன்னைக்கு விஸ்வநத்தத்துல இருந்து யாரையாவது அங்க அனுப்புனீகளா?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பா, கேக்காகள்ல."

"ஒரு வேன் போச்சு," என்றார் அவர். "ஆர்டர் நெருக்கடி. காலைல அங்கன இறக்கிவிட்டுட்டு வந்துட்டாக."

அதன் பிறகு நடந்த வாக்குவாதம் எவ்வளவு நேரம் நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது. வேன் விஷயத்தை எழுதவே கூடாது என்றார் அண்ணாச்சி. போனில் இருந்த அவருடைய வக்கீலும் அதையே சொன்னார். ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று விதி உண்டு, வெளியிலிருந்து ஆளைக் கொண்டுபோனதை நாமே எழுதிக் கொடுப்பதா என்று கேட்டார். அவர் பார்வையில் அது சரிதான். வேனைப் பற்றி எழுத முடியாது என்றால் விஸ்வநத்தத்து ஆட்கள் பத்திரம் என்றும் எழுத மாட்டேன் என்றேன் நான். ஒன்றுமே எழுதாமல் விட்டால் இன்னும் மோசம் என்றாள் செல்வராணி. நாங்கள் மூன்று பேரும் உள்ளே மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தோம். வெளியே மாரிச்செல்வி ஒற்றை ஆளாகப் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று எங்களில் யாரும் போய்ச் சொல்லவில்லை.

கடைசியில் முடிவு செய்தது செல்வராணி. அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கி, வக்கீலிடம், "அப்புறம் பேசுறேன் சார்," என்று வைத்துவிட்டாள். "எழுதுங்கக்கா. கேஸ் வந்தா என் மேல வரட்டும்."

அண்ணாச்சி அவளைத் தடுக்கவில்லை. அவர் முகத்தில் கோபமும் இல்லை.

நான் எழுதியது மிகக் கொஞ்சம். விபத்து நடந்தது சாத்தூர் வழியில் உள்ள எங்கள் யூனிட்டில். விஸ்வநத்தம் யூனிட்டில் விபத்து இல்லை. ஆனால் இன்று காலை விஸ்வநத்தத்திலிருந்து ஒரு வேனில் சிலர் அங்கே போயிருக்கிறார்கள். உங்கள் வீட்டு ஆள் எங்கே இருக்கிறார் என்பதை விஸ்வநத்தம் வாசலில் போர்மேனிடம் கேளுங்கள். அவருடைய நம்பர், காயம்பட்டவர்களைக் கொண்டுபோகும் சிவகாசி ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் நிறுத்தியிருக்கும் ஆளின் நம்பர். இவ்வளவுதான். அந்த இருவரையும் செல்வராணி கூப்பிட்டு, பார்த்ததை மட்டும் சொல்லுங்க, பார்க்காததைச் சொல்லாதீங்க என்று சொன்னாள். பக்கம் வெளியே போனது. டிவிக்காரர்களையும் அவளே கூப்பிட்டு ஊர்ப் பெயரை மாற்ற வைத்தாள். சற்று நேரத்தில் போன் குறைந்தது. காட்டு யூனிட் ஆட்களின் வீட்டார் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள்.

வக்கீல் மறுபடி கூப்பிட்டு ஆபீசில் இருக்க வேண்டாம் என்றதால் அண்ணாச்சி பின்வழியாக இறங்கிப் போனார். போலீஸ் வந்தபோது நாற்காலியில் இருந்தது செல்வராணிதான்.

நான் வெளி அறைக்குப் போனேன். மாரிச்செல்வி ரிசீவரைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள். புதுப் பக்கத்தை அவளுக்குக் காட்டினேன். வேனைப் பற்றிய வரியைப் படித்ததும் நிமிர்ந்தாள்.

"அங்கன இருந்து ஆளுக போயிருக்காகளா மேடம்?"

"ஆமா."

ரிசீவரை மெல்லக் கீழே வைத்தாள். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று அன்றைக்கு நான் விசாரிக்கவில்லை. பயத்தில் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

விஷயம் தெரிந்தது பத்துப் பதினைந்து நாள் கழித்து, இறந்தவர்களின் காரியமெல்லாம் முடிந்த பிறகு. செல்வராணியோடு நான் ஆபீசில் இருந்தபோது ஒரு பெண் படியேறி வந்தாள். பெயர் காளீஸ்வரி. கல்யாணமாகித் திருப்பூரில் இருப்பவள். அவளுடைய அம்மா குருவம்மாள் விஸ்வநத்தம் யூனிட்டில் வெகுகாலமாக வேலை செய்தவர். அன்று காலை அந்த வேனில் போனவர்களில் அவரும் ஒருவர். உடம்பெல்லாம் வெந்து, மதுரைக்குக் கொண்டுபோய், அன்று சாயங்காலம் வரை உயிரோடிருந்தார்.

காளீஸ்வரி உட்காரவில்லை. "அன்னைக்குப் போன் எடுத்தது யாரு?" என்று கேட்டாள்.

மாரிச்செல்வி எழுந்து நின்றாள். "நாந்தான்க்கா."

"நான் திருப்பூர் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டுத்தான் பேசுனேன். மதுரை பஸ் கிளம்பப் போகுது, ஏறவான்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"என்ன சொன்னீக?"

அதற்குப் பதிலையும் காளீஸ்வரியே சொன்னாள். "விஸ்வநத்தத்துல ஒண்ணுமில்ல, டிவில தப்பாப் போடுதாக, உங்க அம்மா நல்லா இருப்பாக, பதறாதீகன்னு சொன்னீக. நான் திரும்பி வீட்டுக்குப் போயிட்டேன். போயி சோறு வடிச்சேன்."

கீழே கடையில் யாரோ விலை கேட்பது கேட்டது.

"எங்கம்மா சாயங்காலம் வரைக்கும் என்னயத்தான் கேட்டாகளாம். எங்க சித்தி சொன்னா. காளி வந்துட்டாளா, காளி வந்துட்டாளான்னு. சேதி தெரிஞ்சு நான் வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அந்த பஸ்ஸுல ஏறியிருந்தா நேரத்துக்கு வந்திருப்பேன்."

செல்வராணி அவள் அருகே போனாள். "அக்கா, அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நாங்க அவகிட்டச் சொல்லல. எங்க மேல தப்பு."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல," என்றாள் காளீஸ்வரி. "நான் ஏறியிருப்பேன்." சண்டை போடும் குரலே இல்லை. கணக்கு ஏன் தவறியது என்று கேட்கிற மாதிரி கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

மாரிச்செல்வி மறுநாள் முதல் வேலைக்கு வரவில்லை. செல்வராணி வீடு தேடிப் போயும் வரவில்லை. இப்போது விருதுநகரில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறாள். ஒருமுறை இருக்கன்குடிக் கோயிலில் கூட்டத்துக்கு நடுவில் அவளைப் பார்த்தேன். சேலைப் பிரிவில் நிற்பதாகச் சொன்னாள். "கேஷ்ல போடுறேன்னாங்க மேடம். அங்க போன் இருக்கும், அதான் வேணாம்னுட்டேன்."

அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். ஒரு வெப்சைட்டில் ஒரே நம்பரைப் போடுகிறபோது, நான்கு இடங்களிலும் நடக்கக்கூடிய எல்லாவற்றையும் ஒரே ஆளின் தலையில் வைக்கிறோம். அந்த ஆளுக்கு என்ன தெரியும், யார் அவருக்குச் சொல்வார்கள் என்று திட்டமிடும்போதே கேட்க வேண்டும். படம் அழகாக இருக்கிறதா, பக்கம் வேகமாகத் திறக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அழுகிறவர்களிடம் ஆறுதலாக எதையாவது சொல்லத்தான் மனம் வரும். அவளுக்கும் அதுதான் வந்தது. தெரியாது என்று சொல்ல ஒருவருக்குத் தைரியம் வர வேண்டும் என்றால், அப்படிச் சொல்லலாம் என்று மேலே இருப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி கொடுத்திருக்க வேண்டும்.

கேஸ் நடந்தது. காட்டு யூனிட்டுக்கு சீல் வைத்தார்கள். அண்ணாச்சி ஜாமீனில் வந்த பிறகு வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. விஸ்வநத்தம் யூனிட்டுக்கு மறுபடி அனுமதி கிடைத்தபோது புது வெப்சைட் வேலையைத் தொடர்ந்தோம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம், ஒரு நம்பர் என்று முடிவானது. கடைகளுக்கு நம்பர் போடுவதில் சிரமம் இல்லை. விஸ்வநத்தம் பக்கத்தில், வேலை செய்கிறவர்களின் வீட்டார் கூப்பிட வேண்டிய நம்பர் என்ற இடம்தான் காலியாகக் கிடந்தது. போர்மேன் மறுத்தார். மேனேஜர் மறுத்தார். புதிதாக ஆபீசுக்கு வந்த பெண்ணிடம் கேட்டோம், அவள் காளீஸ்வரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள். யார் பெயரையும் போட முடியாமல் பல வாரம் அந்த வேலை நின்றது.

ஒருநாள் செல்வராணி, "என் செல் நம்பரையே போடுங்கக்கா," என்றாள். "நீ டவுன்ல இருந்துக்கிட்டு என்ன சொல்லுவ?" என்று கேட்டேன். அடுத்த வாரமே தன் மேஜையை விஸ்வநத்தம் யூனிட்டின் வாசல் அறைக்கு மாற்றிக்கொண்டாள்.

வெப்சைட் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அங்கே போயிருந்தேன். வேலை விட்டு, பெண்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்த நேரம். அவளுடைய போன் அடித்தது. யாரோ ஒரு வயதான ஆள், சத்தமாகப் பேசினார், எனக்கே கேட்டது. மருமகள் வேனில் ஏறிவிட்டாளா என்று கேட்டார்.

"பேரு சொல்லுங்க ஐயா," என்றாள் செல்வராணி. அவர் சொன்னார்.

வேன் ஜன்னலுக்கு நேர் எதிரேதான் நின்றது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பாதி முகங்கள் தெரிந்தன. ஏறியிருப்பாள் என்று யாரும் சொல்லிவிடலாம்.

"லைன்லயே இருங்க ஐயா. பாத்துட்டுச் சொல்லுதேன்," என்று எழுந்து வெளியே போனாள். வேனின் படியில் ஏறி நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளேயிருந்து ஒரு கை உயர்ந்தது. அந்தப் பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் போனைக் காதில் வைத்தாள்.